பழைய லாரியில் ஸ்டியரிங் ஆட்டம்: எங்கே தேடுவது, எதை மாற்றுவது

பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் டீக்கடையில் நாலு லாரிக்காரர்கள் சேர்ந்து நின்றால் பேச்சு எப்படியும் ஸ்டியரிங்கில் வந்து நிற்கும். வண்டி இழுக்குது, ஸ்டியரிங் ஆடுது, வீல் வாப்ளிங் ஆகுது என்று மூன்றையும் ஒரே நோய் மாதிரிதான் சொல்வார்கள். மருந்தும் கைவசம் இருக்கும். ஒருவர் அலைன்மெண்ட் பண்ணு, அதாவது முன் சக்கரங்களின் வரிசையைச் சரிபார் என்பார், இன்னொருவர் ஸ்டியரிங் பாக்ஸ் போயிடுச்சு மாத்திடு என்பார், மூன்றாமவர் பாக்ஸ் மேலே இருக்கிற ஸ்குரூவை அரைச் சுற்று திருப்பினால் போதும் என்பார்.

நானும் அப்படிக் கேட்டு நடந்தவன். ஆரணியிலிருந்து வேலூருக்கு அரிசி மூட்டை ஏற்றும் எங்கள் பழைய லாரிக்கு இரண்டு மாதத்தில் மூன்று தடவை அலைன்மெண்ட் பார்த்தேன். மூன்று தடவையும் காசு போனது, ஆட்டம் போகவில்லை, முன் டயர் இரண்டும் ஓரத்தில் மொழுக்கென்று தேய்ந்துவிட்டன. கடைசியில் சத்துவாச்சாரியில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த வயதான பாய் வண்டியைத் தொடக்கூட இல்லை, டயரை உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு, "ஆடுற பல்லுக்கு வரிசை பார்ப்பியா தம்பி? எந்தப் பல்லு ஆடுதுன்னு முதல்ல பாரு" என்றார். அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதையும், அதற்குப் பிறகு நானே கீழே படுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். முன்பக்கம் ஒரே நீள ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள பழைய லாரிகளுக்கு இது பொருந்தும். கார்களின் முன்பக்க அமைப்பு வேறு.

காட்பாடியில் கிளம்பும் கூட்ஸ் வண்டி

காட்பாடி ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி கிளம்புவதைக் கவனித்திருப்பீர்கள். இன்ஜின் நகர்ந்ததும் கடைசிப் பெட்டி நகர்ந்துவிடாது. முதல் பெட்டி டக் என்று இழுபடும், அப்புறம் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது, அந்தச் சத்தம் அப்படியே வால் வரைக்கும் ஓடிப்போன பிறகுதான் கடைசிப் பெட்டி அசையும். ஒவ்வொரு கொக்கியிலும் இருக்கும் இடைவெளி கொஞ்சம்தான். ஆனால் நாற்பது ஐம்பது கொக்கியின் இடைவெளியும் சேர்ந்து மொத்தத்தில் பெரிதாகிவிடுகிறது.

லாரியின் ஸ்டியரிங்கும் இப்படி ஒரு கோர்வைதான். உங்கள் கை இன்ஜின், முன் சக்கரம் கடைசிப் பெட்டி. நடுவில் ஏழெட்டு இணைப்புகள் இருக்கின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பியும் சக்கரம் திரும்பாமல் வீணாகப் போகும் அந்தத் தூரத்தைத்தான் பட்டறையில் 'பிளே' என்கிறார்கள். இதில் ஓர் இணைப்பு மட்டும் கெட்டிருக்கலாம், அல்லது எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்திருக்கலாம். பழைய வண்டியில் பெரும்பாலும் இரண்டாவது கதைதான். அதனால்தான் ஒரே ஒரு பாகத்தை மாற்றிவிட்டு 'மாத்தியும் ஆடுதே' என்று குழம்பிப்போகிறோம்.

கையிலிருந்து சக்கரம் வரை

ஸ்டியரிங் வீலிலிருந்து ஒரு தண்டு கீழே இறங்கி ஸ்டியரிங் பாக்ஸுக்குள் போகிறது. பாக்ஸின் வேலை, நம் கையின் பெரிய சுற்றைச் சின்ன அசைவாக, ஆனால் பலமான அசைவாக மாற்றுவது. கிணற்றில் ராட்டினம் போட்டு இழுப்பதைவிட இரண்டு மூன்று கப்பி கோர்த்து இழுத்தால் கயிறு நிறைய இழுக்க வேண்டும், பாரம் லேசாகும் அல்லவா, அந்தக் கணக்குதான். பாக்ஸின் வெளியே தொங்கும் கைதான் டிராப் ஆர்ம். வீலைத் திருப்பினால் இது முன்னும் பின்னும் ஊசலாடும்.

டிராப் ஆர்மின் நுனியிலிருந்து ஒரு நீளக் கம்பி வலது சக்கரத்துக்குப் போகிறது. இது டிராக் லிங்க். வலது சக்கரத்தையும் இடது சக்கரத்தையும் குறுக்கே இணைக்கும் கம்பி டை ராடு. ஆக, ஸ்டியரிங் நேராகத் திருப்புவது வலது சக்கரத்தை மட்டும்தான். இடது சக்கரம் டை ராடின் வழியாகக் கூடவே வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இந்தக் கம்பிகளின் முனையில் இருப்பது பால் ஜாயிண்ட். ஆட்டுக்கல்லின் குழியில் குழவி உட்கார்ந்து எந்தப் பக்கமும் சாய்ந்து சுற்றுகிறதே, அதைப்போல ஓர் உருண்டை ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். வித்தியாசம் என்னவென்றால் குழவியைத் தூக்கி வெளியே எடுக்கலாம், இந்த உருண்டை வெளியே வரவே கூடாது. மேலே ஒரு ரப்பர் தொப்பி மூடியிருக்கும். தொப்பி கிழிந்தால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும், கிரீஸ் வெளியே போகும், அதற்கப்புறம் அது உண்மையாகவே அரைக்கும் கல்தான்.

இனி கிங் பின். வீட்டு கேட்டின் கீலை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்தூண் என்பது லாரியின் முன் ஆக்சில், கேட் என்பது சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சில், இரண்டையும் கோர்க்கும் கீல் ஊசிதான் கிங் பின். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு புஷ், அதாவது ஊசி சுற்றுவதற்கான உலோகக் குழல்கள். முன்பக்கத்து எடை முழுவதையும் தாங்கிக்கொண்டே திரும்புவதற்கு நடுவில் ஒரு திரஸ்ட் பேரிங். கீல் தேய்ந்த கேட் எப்படித் தரையில் உரசிக்கொண்டு சாய்ந்து தொங்குமோ, கிங் பின் தேய்ந்தால் சக்கரம் அப்படிச் சாயும். டயரின் ஒரு பக்க ஓரம் மட்டும் தேய இதுவும் ஒரு காரணம்.

இந்த ஏற்பாடு மோட்டார் வண்டிக்கும் மூத்தது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். ஏலகிரி மலையில் 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓட வேண்டும். இரண்டும் ஒரே அளவு திரும்பினால் ஒரு டயர் உரசிக்கொண்டேதான் போகும். உள்சக்கரம் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பும்படி, சக்கரங்களைக் குறுக்குக் கம்பியோடு இணைக்கும் கைகளைச் சாய்த்து அமைக்கும் யோசனை, மியூனிக்கில் குதிரை வண்டி செய்த லாங்கென்ஸ்பெர்கர் என்பவருடையது. அவருக்காக லண்டனில் 1818-இல் காப்புரிமை வாங்கிய ஆக்கர்மன் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. உங்கள் லாரியின் டை ராடு செய்துகொண்டிருப்பதும் அந்த வேலைதான்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: வீல், பாக்ஸ், டிராப் ஆர்ம், டிராக் லிங்க், வலது சக்கரம், டை ராடு, இடது சக்கரம். கம்பிகளின் முனையில் உருண்டை மூட்டு, சக்கரத்தின் பக்கத்தில் கீல் ஊசி.

2 மில்லிமீட்டர் எப்படி 5 சென்டிமீட்டர் ஆகிறது

ஒரு பால் ஜாயிண்டில் 2 மில்லிமீட்டர் தேய்மானம் என்று பட்டறையில் சொன்னால், அவ்வளவுதானே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டிராப் ஆர்மின் நீளம் 20 சென்டிமீட்டர், வீல் 20 டிகிரி திரும்பினால் டிராப் ஆர்ம் 1 டிகிரி அசையும், வீலின் ஆரம் 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டிராப் ஆர்மின் நுனியில் 2 மில்லிமீட்டர் வீணானால் ஸ்டியரிங் வீலின் விளிம்பில் அது 5 சென்டிமீட்டர் ஆகிவிடும். பாக்ஸ் நம் பலத்தைப் பெருக்கித் தருகிறது, அதே கையோடு தேய்மானத்தையும் பெருக்கித் தருகிறது. இப்படி இரண்டு மூட்டு தேய்ந்திருந்தால் வீலில் 10 சென்டிமீட்டர் ஆட்டம் வந்துவிட்டது, பாக்ஸ் கல்லு மாதிரி நன்றாக இருக்கும்போதே.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 98-வது விதி, வீலில் பிளே 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. அதே விதி, பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் தொப்பி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 25 சென்டிமீட்டர் ஆரமுள்ள வீலில் 30 டிகிரி என்றால் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். தயவுசெய்து இதை 'அதுவரைக்கும் ஓட்டலாம்' என்று படிக்காதீர்கள். எஃப்.சி.யில், அதாவது வண்டியின் தகுதிச் சான்றுச் சோதனையில், தள்ளுபடி செய்வதற்கான எல்லை அது. நல்ல வண்டிக்கான அளவு உங்கள் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், அது இதைவிடக் குறைவு.

ஆட்டம் வேறு, இழுப்பு வேறு, நடுக்கம் வேறு

டீக்கடைப் பேச்சில் கலந்துவிடும் மூன்றையும் பிரித்துக்கொள்ளலாம்.

நேர் ரோட்டில் வண்டி தானாக ஒரே பக்கம் போனால் அது இழுப்பு. ஒரு டயரில் காற்று குறைவு, ஒரு பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது, ஆக்சிலைப் பட்டை ஸ்பிரிங்கோடு கட்டிப் பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்து ஆக்சில் கொஞ்சம் நகர்ந்திருப்பது, இவையெல்லாம் காரணமாகலாம். முதலில் காற்றைப் பாருங்கள், கொஞ்சம் ஓட்டிவிட்டு இறங்கி டிரம்மின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் எந்தப் பக்கம் அதிகச் சூடு என்று தெரிந்துவிடும். தொடாதீர்கள்.

பெங்களூர் ஹைவேயில் நேராகப் போவதற்கே வீலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓயாமல் திருத்திக்கொண்டிருக்க வேண்டியிருந்தால், அதுதான் ஆட்டம். டிராக் லிங்க் முனைகள், டை ராடு முனைகள், பாக்ஸ், கிங் பின், எல்லாரும் சந்தேக வளையத்தில்.

ஒரு பள்ளத்தில் இறங்கியதும் முன் சக்கரம் இரண்டும் படபடவென்று அடித்து, வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கிறது என்றால் அது நடுக்கம், வாப்ளிங். கிங் பின், டை ராடு முனை, வீல் பேரிங் இதில் ஏதாவது லூஸாக இருந்து, டயரும் சரியாகச் சுற்றாமல் இருக்கும்போது இது வரும். இது வந்த வண்டியை லோடோடு அனுப்பாதீர்கள்.

நான்காவதாக ஒன்று உண்டு, அதை யாரும் பேசுவதே இல்லை. வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராக வராமல் அங்கேயே நின்றுவிடுவது. இதில் லூஸ் எதுவும் இருக்காது, இறுக்கம்தான் இருக்கும். கிரீஸ் போகாமல் கிங் பின்னோ திரஸ்ட் பேரிங்கோ காய்ந்து பிடித்திருக்கும்.

கீழே படுத்துப் பார்க்கும் முறை

இதற்கு இரண்டு பேர் போதும், மிஷின் எதுவும் வேண்டாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன் சக்கரம் தரையிலேயே இருக்கட்டும், தூக்காதீர்கள். தரையில் அழுந்தி நிற்கும் டயர்தான் எதிர்ப்பைக் கொடுக்கும், எதிர்ப்பு இருந்தால்தான் இடைவெளி கண்ணுக்குத் தெரியும்.

ஒருவர் மேலே உட்கார்ந்து வீலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சமாக, பிளே தீரும் அளவுக்கு மட்டும் அசைக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் வண்டி என்றால் இன்ஜினை ஓடவிட்டுச் செய்ய வேண்டும். கீழே இருப்பவர் அவசரப்படாமல் ஒவ்வோர் இணைப்பிலும் கை வைத்துக்கொண்டே போகலாம். எங்கே ஒரு பக்கம் அசைந்தும் மறுபக்கம் தாமதமாக அசைகிறதோ அதுதான் தேய்ந்த கொக்கி. பாக்ஸுக்குள் போகும் தண்டு அசைந்தும் டிராப் ஆர்ம் அசையவில்லையா, பாக்ஸ். டிராப் ஆர்ம் அசைந்தும் டிராக் லிங்க் நிற்கிறதா, முன் மூட்டு. பாக்ஸே சேஸிஸின் மேல் நெளிகிறதா, அதன் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன. இந்தக் கடைசியைப் பலர் பார்ப்பதே இல்லை, நானும் பாய் காட்டிய பிறகுதான் பார்த்தேன். கண்ணைவிடக் கை நல்லது. மூட்டின் மேல் விரல் வைத்தால் உள்ளே டக் என்பது விரலுக்குத் தெரியும்.

அடுத்து கிங் பின். முன் ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, உறுதியான ஸ்டாண்டின் மேல் இறக்கிவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், ஒரு நிமிஷ வேலைக்குக்கூட. டயரின் உச்சியிலும் அடியிலும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆடுகிறதா? சரி, இதை வைத்தே கிங் பின் போச்சு என்று சொல்லிவிட முடியாது, வீல் பேரிங் லூஸாக இருந்தாலும் இதே ஆட்டம்தான் வரும். இப்போது மேலே இருப்பவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, மறுபடி ஆட்டிப் பாருங்கள். பிரேக் பிடித்ததும் டிரம்மும் ஸ்டப் ஆக்சிலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், அதனால் பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். அப்படியும் ஆடினால் கிங் பின்தான். இவ்வளவு எளிய சோதனை எத்தனை பேரிங்குகளைத் தேவையில்லாமல் மாற்றுவதிலிருந்து காப்பாற்றும் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

டயருக்கு அடியில் ஒரு கடப்பாரையைக் கொடுத்து நெம்புங்கள். மேலும் கீழும் துள்ளினால் திரஸ்ட் பேரிங் பக்கம் இடைவெளி இருக்கிறது.

ஆக, தரையில் நிறுத்தி வீலை அசைத்தால் கம்பிகளும் பாக்ஸும் தெரியும். தூக்கி டயரை ஆட்டினால் பேரிங்கும் கிங் பின்னும் தெரியும், இரண்டையும் பிரேக் பிரித்துக் காட்டும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

பால் ஜாயிண்டின் தண்டு கூம்பு வடிவத்தில் இருக்கும், அது ஓட்டையில் இறுகிப் பிடித்திருக்கும். நட்டைக் கழற்றியதும் வராது. புல்லர் போட்டு எடுக்கலாம், அல்லது ஓட்டை இருக்கும் கையின் இரு பக்கத்திலும் ஒரே நேரத்தில் சுத்தியலால் அடித்தால் பிடி விட்டுவிடும். மரையின் தலையில் அடிக்காதீர்கள். பழைய முனையைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணி, புதியதை அதே சுற்று உள்ளே ஏற்றினால் அலைன்மெண்ட் கடைக்குப் போகிற வரை வண்டி ஒழுங்காக ஓடும். கூம்பும் ஓட்டையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும்.

நட்டை இறுக்கிய பிறகு அதன் வெட்டும் தண்டின் ஓட்டையும் நேராக வராவிட்டால், இன்னும் கொஞ்சம் இறுக்கி அடுத்த வெட்டுக்குக் கொண்டுபோங்கள். பின்னால் தளர்த்தி நேராக்கக் கூடாது. நட்டு கழன்றுவிடாதபடி அந்த வெட்டிலும் ஓட்டையிலும் கோர்த்து வளைக்கும் ஸ்பிளிட் பின் புதிது போடுங்கள். சில ரூபாய்ப் பொருள் அது, பழையதை நிமிர்த்தி மறுபடி போட்டால் வளைந்த இடத்தில் ஒடியும்.

கிங் பின் வேலை வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை. பூட்டுப் பின்னை எடுத்துவிட்டுக் கிங் பின்னைத் தட்ட வேண்டும், பல வருஷம் கிரீஸ் காணாததென்றால் பிரஸ் வேண்டும். புதிய புஷ்ஷை ஏற்றிய பிறகு லேத் பட்டறையில் ரீமர் ஓட்டி, மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில், கிங் பின்னைக் கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும் அளவுக்குச் செதுக்க வேண்டும். பட்டறையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: புஷ்ஷின் கிரீஸ் ஓட்டையும், வெளியிலிருந்து கிரீஸ் அடிக்கும் நிப்பிளின் ஓட்டையும் நேராக இருக்கிறதா? மாறிப்போனால் எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் உள்ளே போகாது, புதிய பின் சீக்கிரமே பழையதாகிவிடும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் தேய்ந்த அதே ரோட்டில்தான் இன்னொரு பக்கமும் ஓடியிருக்கிறது.

வளைந்த டை ராடைச் சூடாக்கி நிமிர்த்துவது, விரிசல் விட்ட டிராப் ஆர்மை வெல்டிங் வைப்பது, இவற்றுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சூடு பட்ட இடத்தில் இரும்பின் குணமே மாறிவிடும். பாலாற்றுப் பாலத்தின் நடுவில் அது ஒடிந்தால் பிரேக்கைத் தவிர உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

பாக்ஸின் ஸ்குரூ

டீக்கடை வைத்தியத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பாக்ஸுக்குள் இருக்கும் பற்கள் நடுவில்தான் அதிகம் தேயும், ஏனென்றால் நாம் பெரும்பாலும் நேராகத்தான் ஓட்டுகிறோம். ஓரங்களில் அவ்வளவு தேய்ந்திருக்காது. நடுவில் இருக்கும் ஆட்டம் போக வேண்டும் என்று ஸ்குரூவை இறுக்கிக்கொண்டே போனால், தேயாத இடத்தில் பற்கள் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய வீல் திரும்பி வராது. ஸ்குரூ இருப்பது சரிதான், அளவோடு சரிசெய்யத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் கம்பிகளையும் மூட்டுகளையும் சரிபார்த்து முடித்த பிறகு, சர்வீஸ் புத்தகத்தில் சொன்னபடி மட்டும் தொட வேண்டும்.

அலைன்மெண்ட் கடைசியில்

மேலிருந்து பார்த்தால் முன் சக்கரம் இரண்டும் புறாக்கால் மாதிரி முன்பக்கம் லேசாக உள்நோக்கி இருக்கும், சில மில்லிமீட்டர்தான். இதை டோ-இன் என்கிறார்கள். பெரும்பாலான டை ராடுகளில் ஒரு முனையில் வலது மரையும் மறுமுனையில் இடது மரையும் இருக்கும், அதனால் கிளாம்பைத் தளர்த்திக் கம்பியைச் சுற்றினாலே நீளம் கூடும் அல்லது குறையும். அலைன்மெண்ட் கடையில் டோ-இன்னைச் சரிசெய்வது இந்தக் கம்பியில்தான். மூட்டில் 2 மில்லிமீட்டர் ஆடிக்கொண்டிருக்கும்போது சில மில்லிமீட்டரை அளந்து வைத்து என்ன பயன்? கடையிலிருந்து வெளியே வந்து முதல் ஸ்பீடு பிரேக்கர் ஏறுவதற்குள் அளவு மாறியிருக்கும். என் மூன்று பில்லுக்கும் காரணம் இதுதான், எங்கள் வண்டியில் டிராக் லிங்கின் பின்பக்க மூட்டும் வலது கிங் பின்னும் போயிருந்தன.

டயரை உள்ளங்கையால் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவினால் வழவழப்பாகவும் எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பம் மாதிரியும் இருந்தால் டோ-இன் தவறியிருக்கிறது. பாய் வண்டியைத் தொடாமல் டயரைத் தொட்டது இதற்குத்தான்.

வேலை முடிந்ததும் காலி வண்டியை ஆற்காடு வரைக்கும் ஓட்டித் திரும்பி வந்து, கழற்றி மாட்டிய எல்லா நட்டையும் கிளாம்பையும் மறுபடி ஒரு தடவை பாருங்கள். முதல் லோடு முடிந்ததும் இன்னொரு தடவை. கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போது ஆக்சிலைத் தூக்கிவிட்டு அடியுங்கள். சக்கரம் தரையில் இருந்தால் வண்டியின் எடை திரஸ்ட் பேரிங்கை அழுத்தி வைத்திருக்கும், கிரீஸ் உள்ளே நுழையாமல் எளிதான வழியில் வெளியே போய்விடும். தூக்கிவிட்டு, வீலை முழுதாக இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டே, பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறிப் புதிய நிறம் கண்ணில் படும் வரைக்கும் அடிக்க வேண்டும். எங்கள் கிளீனர் பையன் இப்போது மாதம் இரண்டு தடவை இதைச் செய்கிறான், நான் சொல்லாமலே.